பேரு வைக்கிறது அப்புறம் இருக்கட்டும் ஐயா: மத்திய ஆசியாவோட அஞ்சு ஜனாதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

கஜகஸ்தான் தொகாயெவ் ஐயா, உஸ்பெகிஸ்தான் மிர்சியோயெவ் ஐயா, கிர்கிஸ்தான் ஜபாரொவ் ஐயா, தஜிகிஸ்தான் ரஹ்மோன் ஐயா, துர்க்மெனிஸ்தான் பெர்திமுஹமெதோவ் ஐயா (மகன் ஐயா, அப்பா ஐயா இல்ல), அஞ்சு பேருக்கும் வணக்கம், சலாம்.

நான் உங்க யாருக்கும் ஓட்டு போட்டவன் கிடையாது. தஞ்சாவூர்க்காரன். பிளஸ் டூ கட்-ஆஃப் பத்தல, இங்க மேனேஜ்மென்ட் சீட்டுக்கு வீட்ட வித்தாலும் காசு பத்தாது, அதனால எங்க ஊரு பசங்க நிறைய பேரு மாதிரி ஒரு ஏஜென்ட்டைப் புடிச்சு 2014 செப்டம்பர்ல கிர்கிஸ்தானுக்குத் தெக்க இருக்குற ஓஷ் ஊருல வந்து எறங்குனேன், ஆறு வருஷம் அங்கதான் டாக்டருக்குப் படிச்சேன். உங்க ரொட்டி, உங்க சாய், உங்க மார்ஷ்ருத்கா வேன்ல குனிஞ்சுகிட்டே நின்ன முதுகுவலி எல்லாம் என் உடம்புல இருக்கு. அந்த உரிமையில எழுதுறேன். தமிழ்ல எழுதுனா நீங்க படிக்கப்போறது இல்லன்னு தெரியும், ரஷ்யன்ல எழுதுனா என் இலக்கணத்தைப் பாத்து சிரிப்பீங்க, அதுக்கு இதுவே தேவலாம்.

2025 நவம்பர்ல தாஷ்கண்ட்ல நீங்க எல்லாரும் கூடுனீங்க, ஏழாவது ஆலோசனைக் கூட்டம். அஜர்பைஜானையும் உள்ள சேத்துக்கிட்டீங்க, ஆக இப்ப ஆறு. அங்க மிர்சியோயெவ் ஐயா ஒரு யோசனை சொன்னாரு, இந்தக் கூட்டத்தை சும்மா கூட்டமா வைக்காம 'மத்திய ஆசிய சமூகம்'னு ஒரு அமைப்பா மாத்திடலாம்னு. நியூஸ் பாத்ததும் எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா சந்தோஷம் அடங்குனதும் ஒரு பயமும் வந்துச்சு, அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

ஏன்னா இந்தப் படத்தை நீங்க முன்னாடியே ஓட்டியிருக்கீங்க. 1994-ல கஜகஸ்தான், கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் மூணும் சேந்து மத்திய ஆசிய யூனியன். 1998-ல தஜிகிஸ்தான் சேந்ததும் அது மத்திய ஆசியப் பொருளாதார சமூகம். 2002-ல பேரை மாத்தி மத்திய ஆசிய ஒத்துழைப்பு அமைப்பு. 2004-ல ரஷ்யா உள்ள வந்துச்சு, 2005-ல மொத்தத்தையும் ரஷ்யா இருந்த யூரேசியப் பொருளாதார சமூகத்தோட கரைச்சு விட்டாச்சு. பதினொரு வருஷத்துல மூணு போர்டு மாத்துன கடை. போர்டு மாத்துன அதே வருஷங்கள்லதான் பார்டர்ல முள்வேலியும் ஏறுச்சு. 1999-ல தெக்கு கிர்கிஸ்தான்ல பாத்கென் பக்கம் தீவிரவாதிங்க ஊடுருவுனதுக்கு அப்புறம் உஸ்பெகிஸ்தான் எல்லையில கண்ணிவெடியே பொதைச்சாங்க. உச்சியில சமூகம், தரையில கண்ணிவெடி. அப்ப ஆடு மேய்க்கப் போனவன் காலுக்கு அந்த சமூகத்தால என்ன பிரயோஜனம்?

நான் வந்து எறங்குன வருஷத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். ஓஷ்ல அந்த வருஷம் கேஸ் இல்ல. ஏப்ரல் 2014-ல கிர்கிஸ்தானோட கேஸ் கம்பெனிய ரஷ்யாவோட காஸ்ப்ரோம் எடுத்துக்குச்சு, அந்த கையோட உஸ்பெகிஸ்தான்ல இருந்து தெக்கு கிர்கிஸ்தானுக்கு வர்ற கேஸ் நின்னு போச்சு, ஒப்பந்தம் இல்லன்னுட்டாங்க. டிசம்பர் கடைசி வரைக்கும் வரவே இல்ல. எங்களுக்கு வீடு விட்ட அம்மா (உஸ்பெக் இனம், வயசு அறுபது இருக்கும்) பிளித்கான்னு ஒரு கரன்ட் அடுப்பைக் கொண்டாந்து குடுத்துச்சு. நாங்க அஞ்சு பசங்க அதுல சாதம் வடிச்சு, ஊருல இருந்து கொண்டாந்த சாம்பார் பொடியப் போட்டு ஏதோ ஒண்ணு பண்ணுவோம். தெருவே கரன்ட் அடுப்புல சமைச்சா என்ன ஆகும், கரன்ட் போகும். நவம்பர் ராத்திரி, வெளிய குளிரு, உள்ள கம்பளிக்குள்ள அனாடமி புக்கு, செல்போன் லைட்டு. அந்த அம்மா ஒரு நாள் அடுப்பைத் தட்டிக்கிட்டே சொன்னுச்சு, கேஸ் குழாய் தெருவுலதான் இருக்கு, குழாய்க்கு ஒண்ணும் ஆகல, கேஸும் அந்தப் பக்கம் இருக்கு, நடுவுல மனுசங்கதான் இல்லன்னு. நான் அப்ப ரஷ்யன் ஒழுங்கா புரியாம தலைய ஆட்டிட்டேன். (கிர்கிஸ் பாஷையில அம்மாவுக்கு 'அபா'ன்னு பேரு. மொத வாரம் நம்ம பசங்க எல்லாரும் யாரு அப்பா யாரு அம்மான்னு குழம்பிக்கிட்டு திரிஞ்சோம்.)

அந்தம்மாவோட தங்கச்சி பார்டருக்கு அந்தப் பக்கம், உஸ்பெகிஸ்தான்ல இருக்குற அந்திஜான்ல. ஓஷ்ல இருந்து அம்பது கிலோமீட்டர் சொச்சம், எங்க தஞ்சாவூர்ல இருந்து திருச்சி போற தூரம். காலைல போயிட்டு சாயந்தரம் வரலாம். ஆனா 2010 ஜூன்ல ஓஷ்ல நடந்த கிர்கிஸ் உஸ்பெக் இனக் கலவரத்துக்கு அப்புறம் அந்த பார்டர் இறுகிப்போச்சு, சொந்தத்துல சாவு இல்லன்னா கல்யாணம்னு தந்தி காட்டுனாதான் விடுவாங்க. தந்தி! உலகத்துல எல்லாரும் தந்தியை மறந்த காலத்துல பெர்கானா பள்ளத்தாக்குல தந்தி பாஸ்போர்ட்டை விடப் பெரிசு. தங்கச்சியப் பாக்கணும்னா யாராச்சும் சாவணும்னு அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லும், எனக்கு சிரிப்பு வராது. இத்தனைக்கும் அந்திஜான் யாரு ஊரு? பாபர் பொறந்த ஊரு. அங்க பொறந்தவரு விசா எதுவும் எடுக்காம டெல்லி வரைக்கும் வந்து ராஜாவா ஒக்காந்துட்டாரு, அந்தம்மாவால அம்பது கிலோமீட்டர் போக முடியல.

2016 செப்டம்பர்ல உஸ்பெகிஸ்தான் ஜனாதிபதியா இருந்த கரிமொவ் ஐயா காலமானாரு. அடுத்த வருஷமே எல்லாம் தலைகீழா மாறுச்சு, நான் கண்ணால பாத்தேன். 2017 ஏப்ரல்ல தாஷ்கண்ட்ல இருந்து தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பே போற விமானம் 25 வருஷம் கழிச்சு மறுபடி பறந்துச்சு. செப்டம்பர்ல உஸ்பெக் சூம் மதிப்பை ஒரே நாள்ல டாலருக்கு 4200 சொச்சத்துல இருந்து 8100-ன்னு மாத்தி, பிளாக் மார்க்கெட்காரன் பொழைப்புல மண்ணைப் போட்டீங்க மிர்சியோயெவ் ஐயா, அதுக்கு உங்களுக்கு ஒரு கும்பிடு. அதே மாசம் ஓஷ் பக்கத்துல தோஸ்துக் செக்போஸ்ட் பொதுமக்களுக்குத் தொறந்துச்சு. மொத நாளு கூட்டம் கூட்டமா கிழவிங்க, கையில ரொட்டி மூட்டை. எங்க வீட்டுக்கார அம்மாவும் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு வந்து, தங்கச்சிக்கு முடி எல்லாம் நரைச்சுருச்சுன்னு மட்டும் சொல்லிட்டு சமையக்கட்டுக்குள்ள போயிருச்சு. அப்புறம் மார்ச் 2018-ல உஸ்பெக் தஜிக் விசாவே எடுத்துட்டீங்க, கண்ணிவெடியையும் எடுக்க ஆரம்பிச்சீங்க, அஸ்தானால மொத ஆலோசனைக் கூட்டம் நடந்துச்சு.

இதுல என் பயம் எங்க இருக்குன்னா, இவ்வளவு பெரிய மாத்தத்துக்கு என்ன காரணம்? பாலம் புதுசா கட்டுனாங்களா, எண்ணெய் கெடச்சுதா, ஒண்ணும் இல்ல. ஒரு நாட்டுல ஆளு மாறுனாரு, அவ்வளவுதான். ஒரு ஆளு மனசு வச்சு தொறந்த கதவை இன்னொரு ஆளு மனசு வச்சு சாத்திடலாம். சாத்தியும் இருக்கீங்க.

அதே 2017 அக்டோபர். கிர்கிஸ்தான்ல எலெக்ஷன் நேரம், அப்ப ஜனாதிபதியா இருந்த அத்தம்பாயெவ், கஜகஸ்தான் எங்க தேர்தல்ல மூக்கை நுழைக்குதுன்னு மேடையில வெளுத்து வாங்குனாரு. மூணு நாள்ல கஜகஸ்தான் எல்லையில சோதனைன்னு ஆரம்பிச்சாங்க, கொர்தாய் செக்போஸ்ட் பக்கம் லாரி கிலோமீட்டர் கணக்குல நின்னுச்சு. ரெண்டு நாடும் யூரேசியப் பொருளாதார யூனியன்ல மெம்பர், அதாவது பேப்பர்ல பாத்தா நடுவுல கஸ்டம்ஸே கிடையாது! கிர்கிஸ்தான் உலக வர்த்தக அமைப்பு வரைக்கும் புகார் பண்ணுச்சு. அந்த லாரிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு யாராச்சும் கேட்டீங்களா, தொர்தோய் பஜார்ல தைச்ச துணி, பாலு, காய்கறி. ஜனாதிபதி கோவம் ஆறும் ஐயா, தக்காளி ஆறுனா அழுகிரும். கடைசில டிசம்பர் வாக்குல, அத்தம்பாயெவ் பதவிக்காலம் முடிஞ்சு புது ஆளு வந்த பிறகுதான் சமாதானம். மறுபடியும் பாருங்க, ஆளு.

தொர்தோயைப் பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா எனக்கு அது ரொம்பப் புடிக்கும். பிஷ்கெக் ஓரத்துல கப்பல் கன்டெய்னரை ரெண்டு ரெண்டா அடுக்கி, கீழ கடை மேல குடோன்னு ஆயிரக்கணக்குல, தெருத்தெருவா. கடலே இல்லாத நாட்டுல கப்பல் பெட்டியில ஒரு ஊரு. கம்யூனிசம் போனதும் ஃபேக்டரி எல்லாம் மூடி, டீச்சரும் இன்ஜினியரும் பைய தூக்கிக்கிட்டு சீனா போயி துணி வாங்கியாந்து வித்தாங்கள்ல, அவங்க உண்டாக்குனது. கிர்கிஸ்தான் 1998-லயே உலக வர்த்தக அமைப்புல சேந்துச்சு, பழைய சோவியத் கூட்டாளிங்க காமன்வெல்த்துல அதுதான் மொத ஆளு, வரி கம்மி, அதனால சீனச் சரக்கு அங்க எறங்கி கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், ரஷ்யான்னு போச்சு. தெக்க ஓஷ் பக்கத்துல காரா-சூ பஜாரும் இதே கதைதான். அந்த ஊரு ஆத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கு, ஒரு கரை கிர்கிஸ்தான் மறு கரை உஸ்பெகிஸ்தான். ஒரு காலத்துல உஸ்பெக் அதிகாரிங்க பாலத்தையே எடுத்துட்டாங்க, சனங்க கயிறு கட்டி சரக்கோட ஆத்தைக் கடந்தாங்க, அதுல ஆத்தோட போனவங்களும் உண்டு. எந்த அமைச்சரும் போடாத பிராந்திய ஒத்துழைப்பை அந்தக் கயிறுல தொங்குன பொம்பளைங்க போட்டாங்க. உங்களுக்குள்ள நடக்குற வியாபாரம் வருஷத்துக்கு 10 பில்லியன் டாலரைத் தாண்டிருச்சுன்னு கூட்டத்துல பெருமையா சொல்றீங்க, நல்ல விஷயம்தான், ஆனா எட்டு கோடி சனம் இருக்குற இடத்துக்கு அது சின்னத் தொகை. சீனாவோடயும் ரஷ்யாவோடயும் பண்றதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டோட பண்றது இன்னமும் கொசுறுதான்.

இப்ப தண்ணிக்கு வரேன். இது பெரிய விஷயம், கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

சோவியத் காலத்துல கிர்கிஸ்தான்ல ஓடுற நரின் ஆத்துல தொக்தகுல்னு ஒரு அணை கட்டுனாங்க, 19.5 பில்லியன் கன மீட்டர் புடிக்கும், 1200 மெகாவாட் கரன்ட். மாஸ்கோ போட்ட கணக்கு சிம்பிள். வெயில் காலத்துல கிர்கிஸ்தான் தண்ணியத் தொறந்து விடணும், கீழ உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான்ல பருத்தி வெளையும். குளிர் காலத்துல கிர்கிஸ்தான் தண்ணியத் தேக்கி வச்சுக்கணும், அதுக்கு பதிலா கீழ் நாடுங்க நிலக்கரியும் கேஸும் அனுப்பும், கிர்கிஸ் சனம் அதுல குளிர் காயும். ஒரே நாடா இருந்தப்ப இதுக்கு ரசீதே தேவையில்ல. 1991-ல நாடு அஞ்சாச்சு, 1993-ல இருந்து ஆளுக்கு ஒரு நோட்டு அடிச்சாங்க, சோம், தெங்கே, மனாத். நிலக்கரிக்கும் கேஸுக்கும் உலகச் சந்தை விலை வந்துருச்சு, தண்ணியத் தேக்கி வைக்கிற வேலைக்கு மட்டும் விலையே கிடையாதுன்னாங்க. மேல இருக்குறவன் என்ன பண்ணுவான்? குளிருது, கேஸுக்குக் காசு இல்ல, அணையத் தொறந்து கரன்ட் எடுத்தான். அது குளிர் காலம், கீழ யாருக்கும் தண்ணி வேணாம், வெள்ளமா போயி உஸ்பெகிஸ்தான்ல அர்னசாய் பள்ளத்துல தேங்குச்சு. வெயில் காலத்துல பருத்திக்குத் தண்ணி பத்தல. கஜகஸ்தான் அந்தக் குளிர்கால வெள்ளத்தைப் புடிக்கிறதுக்குன்னே கொக்சராய்னு தனியா ஒரு நீர்த்தேக்கம் கட்டுச்சு. யோசிச்சுப் பாருங்க, மேல ஒரு அணை சும்மா இருக்கு, பேசி முடிக்கத் தெரியாததுக்கு கீழ இன்னொரு அணை.

பேசலன்னு சொல்ல மாட்டேன். 1998 மார்ச்ல, நரின் போயி சேர்ற சிர் தரியா ஆத்துக்கு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, எனக்குத் தெரிஞ்சு நீங்க எழுதுனதுலயே நல்ல பேப்பர் அது, தண்ணிக்கு பதிலா எரிபொருள்னு பச்சையா ஒத்துக்கிட்டது. ஆனா எவ்வளவு தண்ணி எவ்வளவு நிலக்கரிங்கிறதை வருஷா வருஷம் ஒக்காந்து பேசணும்னு விட்டுட்டாங்க. அங்கதான் ஓட்டை. வருஷா வருஷம் பேசுறதுன்னா வருஷா வருஷம் சண்டைன்னு எங்களுக்கு நல்லாத் தெரியும் ஐயா, நான் காவிரிக் கடைமடைக்காரன். ஜூன் 12 மேட்டூர் தொறக்குமா தொறக்காதான்னு எங்கப்பா வானத்தைப் பாத்துக்கிட்டு இருப்பாரு. நாங்க ஒரே நாடு, நடுவர் மன்றம் 1990-ல போட்டு, 2007-ல தீர்ப்பு வந்து, 2018-ல சுப்ரீம் கோர்ட் சொல்லி அதுக்கு ஆணையமும் போட்டு, அப்பவும் மழை கொறைஞ்ச வருஷம் மல்லுக்கட்டுதான். உங்களுக்கு கோர்ட் இல்ல, தண்ணிக்கு ஒரு ஆணையம் இருந்தும் அடிச்சு சொல்ற அதிகாரம் அதுக்கு இல்ல. போன்ல பேசிக்கிறீங்க, 'இந்த வருஷம் பாத்து செய்யுங்க தம்பி'ன்னு. நீங்க நல்லா இருக்குற வரைக்கும் அது ஓடும்.

கரன்ட் கம்பியும் அதே மாதிரி. அஞ்சு நாட்டையும் இணைச்ச ஒரே கிரிட், கன்ட்ரோல் ரூம் தாஷ்கண்ட்ல. 2003-ல துர்க்மெனிஸ்தான் வெளிய போச்சு, 2009-ல உஸ்பெகிஸ்தான் விலக, தஜிகிஸ்தான் தனியா துண்டிச்சுப் போச்சு, ஏற்கனவே 2007-08 குளிர்ல வெறச்சுப்போன நாடு அது. 2022 ஜனவரி 25-ந் தேதி அல்மாட்டி, பிஷ்கெக், தாஷ்கண்ட் மூணும் ஒண்ணா இருண்டுச்சு, தாஷ்கண்ட் மெட்ரோ சுரங்கத்துல நின்னுச்சு. ஆளாளுக்கு அடுத்தவன் பக்கம் கைய நீட்டுனீங்க. அதைப் பாத்து, ஒண்ணா இருந்ததாலதான் ஒண்ணா இருண்டுச்சு, தனியாப் போயிடலாம்னு சொல்றவங்க இருக்காங்க. தனியாப் போனா என்ன ஆகும்னு தஜிக் சனத்தைக் கேளுங்கன்னு அவங்களுக்கு நான் சொல்லுவேன். கிர்கிஸ்தான்லயே 2023 ஆகஸ்ட்ல இருந்து 2026 கடைசி வரைக்கும் எரிசக்தி நெருக்கடி நிலைன்னு அறிவிச்சுதான் ஓட்டுனீங்க.

நல்லதையும் சொல்லணும்ல. அதே நரின் ஆத்துல கம்பராத்தா-1 அணை, 1860 மெகாவாட், சோவியத் காலத்துல போட்ட பிளான், தூசி புடிச்சு கெடந்தது. அதை கிர்கிஸ்தான், கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் மூணும் சேந்து கட்டலாம்னு 2023 ஜனவரியில கையெழுத்து. இதோட அருமை என்னன்னா, கீழ இருக்குறவனும் மேல இருக்குற அணையில பங்காளி. 2012-ல கரிமொவ் ஐயா இந்த அணைங்களால போரே வரலாம்னு பேசுனாரு, தஜிகிஸ்தானோட ரோகுன் அணைக்கும் சேத்துதான் சொன்னாரு (335 மீட்டர், கட்டி முடிச்சா உலகத்துலயே ஒசரம், 1976-ல ஆரம்பிச்சது, மொத டர்பைன் 2018-ல சுத்துச்சு). அங்க இருந்து இங்க வந்துருக்கீங்கன்னா சாதாரணம் இல்ல. ஆனா அந்தப் பங்கு கணக்கை, எந்த மாசம் எவ்வளவு தண்ணி, மழை கொறைஞ்சா யாருக்கு எவ்வளவு வெட்டு, அணை கட்டுறதுக்கு முன்னாடியே எழுதி ஊருக்கு முன்னால வைங்க. கட்டி முடிச்சுட்டு பேசுனா சாவி யாரு கையில இருக்கோ அவன் பேச்சுதான்.

ஊருக்கு முன்னாலன்னு சொன்னது சும்மா இல்ல. ஜபாரொவ் ஐயா, இது உங்களுக்கு. 2022-ல கெம்பிர்-அபாத் நீர்த்தேக்கத்தை உஸ்பெகிஸ்தானுக்கு விட்டுக்குடுத்து வேற பக்கம் அதை விடப் பெரிய நிலம் வாங்குனீங்க. கணக்குல பாத்தா நல்ல பேரமாகவே இருக்கட்டும். ஆனா கரையில இருக்குற ஊருக்காரங்க எங்க மாடு எங்க தண்ணி குடிக்கும்னு கேட்டாங்க, கேட்டதுக்கு அக்டோபர்ல இருபதுக்கு மேல ஆளுங்களைப் புடிச்சு உள்ள வச்சீங்க. 2024 ஜூன்ல கோர்ட் அவங்க குத்தம் பண்ணலன்னு விட்டுருச்சு. அவங்களைக் கூப்புட்டு ஒரு சாய் குடுத்து வரைபடத்தைக் காட்டியிருந்தா ஒண்ணே முக்கால் வருஷ வழக்கு மிச்சம். மேல ரெண்டு பேரு கைகுலுக்குறதுக்காக கீழ இருக்குறவன் ஜெயிலுக்குப் போனா, நாளைக்கு பக்கத்து நாட்டு மேல அவனுக்கு கோவந்தான் வரும், ஒத்துழைப்பு எங்க இருந்து வரும்.

கிர்கிஸ் தஜிக் எல்லையப் பத்தி எழுதவே கை வரல. 2021 ஏப்ரல்ல தண்ணி எடுக்குற மதகு ஒண்ணுல கேமரா வைக்கிற தகராறு, கல்லெறிதல்ல ஆரம்பிச்சு துப்பாக்கில முடிஞ்சுச்சு. 2022 செப்டம்பர்ல பீரங்கியே வந்துச்சு, நூறு பேருக்கு மேல செத்தாங்க, பாத்கென் பக்கம் ஒரு லட்சத்துக்கும் மேல சனம் வீட்டை விட்டு ஓடுச்சு. என் கூட படிச்ச பாத்கென் பையன் ஒருத்தன், அவங்க வீட்டு சர்க்கரை பாதாமி பழம் காய வச்சு பொட்டலம் கட்டி எங்களுக்குத் தருவான். அந்த செப்டம்பர்ல அவனுக்கு மெசேஜ் போட்டேன், 'வீடு இருக்கு, மரம் இல்ல'ன்னு பதில் வந்துச்சு. நாலு வருஷம் மூடிக் கெடந்த அந்த எல்லைக்கு 2025 மார்ச் 13-ந் தேதி பிஷ்கெக்ல ஜபாரொவ் ஐயாவும் ரஹ்மோன் ஐயாவும் கையெழுத்துப் போட்டீங்க, அதே மாசம் 31-ந் தேதி தஜிகிஸ்தான்ல குஜந்த்ல, உஸ்பெகிஸ்தானையும் சேத்து மூணு நாட்டு எல்லையும் சேர்ற புள்ளியையும் முடிச்சீங்க. முப்பத்தி மூணு வருஷத் தலைவலி. அன்னிக்கு ராத்திரி டூட்டியில நான் போன்ல அந்தப் படத்தைப் பாத்து நர்ஸ் அக்காகிட்ட காட்டுனேன், யாருப்பா இவங்கன்னாங்க. அவங்களுக்கு என்ன தெரியும் பாவம்.

சரி, என்னதான் கேக்குறேன்? பேரு எதுவா வேணா இருக்கட்டும். அந்த 'சமூகம்' வருதுன்னா அதோட மொத பக்கத்துல பார்டரை மூடுறதுக்கு ஒரு விதி இருக்கணும். கோவத்துல மூடக்கூடாது, மூடுனா எழுத்துல காரணம் சொல்லணும், இத்தனை நாள் முன்னாடி சொல்லணும், ஏற்கனவே ரோட்டுல நிக்கிற பழம், பாலு, காய்கறி லாரியை விட்டுறணும். 2017-ல யூரேசிய யூனியன் பேப்பரும் இருந்துச்சே அப்ப என்ன கிழிச்சுச்சுன்னு கேப்பீங்க, நியாயம். அந்தப் பேப்பர்ல லாரிக்காரனுக்கு ஒரு வழியும் இல்ல, நாடு நாட்டு மேல புகார் பண்ணணும், அது மாஸ்கோ ஜெனிவான்னு சுத்தி வர்றதுக்குள்ள சரக்கு அழுகிருச்சு. அதனால எல்லையிலயே ரெண்டு நாட்டு ஆளும் ஒக்காந்த ஒரு மேசை, அங்க லாரிக்காரன் நேரா புகார் குடுக்கணும், நஷ்டத்துக்கு காசு வாங்குற வழி இருக்கணும். காசு குடுக்கணும்னா எந்த அரசாங்கமும் கேட்டை மூடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கும். தொக்தகுல் தண்ணிக்கு வருஷா வருஷம் பேரம் வேணாம், பத்து வருஷத்துக்கு ஒரே ஒப்பந்தம், தேக்கி வைக்கிற வேலைக்கு ஒரு விலை, அந்த விலையை எல்லாரும் பாக்குற மாதிரி போடுங்க. துர்க்மெனிஸ்தான் ஐயா, நீங்க நடுநிலை நாடுன்னு 1995-ல ஐ.நா.வே சொல்லிருச்சு, ஒத்துக்குறேன், ஆனா தண்ணிக் கணக்கு நடுநிலைக்கு எதிரி கிடையாது, ஆமு தரியா உங்களுக்கும்தான் ஓடுது. ஆப்கானிஸ்தான்ல தாலிபான் கொஷ் தெப்பான்னு 285 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி அந்த ஆத்துல இருந்து தண்ணி இழுக்குறாங்க, அவங்க உங்க அஞ்சு பேரு தண்ணி ஒப்பந்தத்துல இல்ல. இந்த ஆறுங்க போயி சேர்ற ஆரல் கடல் தண்ணி இல்லாம வத்திப்போன கதை மறுபடி நடக்கணும்னா இப்படியே வேடிக்கை பாக்கலாம். வட ஆரலை 2005-ல கொக்-ஆரல்னு ஒரு சின்ன அணை கட்டி கஜகஸ்தான் மீட்டுருச்சு, மீனும் திரும்ப வந்துச்சு. தெக்க உஸ்பெகிஸ்தான் பக்கம் முய்னாக்ல கப்பல் மணல்லதான் நிக்குது, சனம் போயி செல்ஃபி எடுக்குது.

சீனா கிர்கிஸ்தான் உஸ்பெகிஸ்தான் ரயில் வேலை 2024 டிசம்பர்ல ஆரம்பிச்சாச்சு, கிர்கிஸ்தான்ல மக்மல்ங்கிற இடத்துல தண்டவாள அகலம் மாறுது, சீனாவோட 1435 மில்லிமீட்டர்ல இருந்து உங்க 1520-க்கு. அங்க பெட்டி மாத்தி ஏத்துற இடத்துல லோக்கல் பசங்களுக்கு வேலை குடுங்க. தஜிகிஸ்தான் வருமானத்துல கிட்டத்தட்ட பாதி ரஷ்யாவுல கூலி வேலை பாக்குறவங்க அனுப்புற காசு, 2024-ல மாஸ்கோ க்ரோகஸ் ஹால் தாக்குதல்ல தஜிக் ஆளுங்க புடிபட்டதுக்கு அப்புறம் அவங்க அங்க படுற பாடு உங்களுக்கே தெரியும். அல்மாட்டியில வேலை இருந்தா ஏன் அவ்வளவு தூரம் போறாங்க? பக்கத்து நாட்டுல வேலை பாக்க ஒரே மாதிரி ஒரு கார்டு, அது போதும்.

எங்க பசங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. 2024 மே மாசம் பிஷ்கெக்ல வெளிநாட்டு மாணவர் ஹாஸ்டல் மேல கும்பல் புகுந்துச்சுல்ல, அன்னிக்கு தமிழ்நாட்டுல எத்தனை வீட்டுல அடுப்பு எரியல தெரியுமா. நாங்க கட்டுற ஃபீஸ், வாடகை, பஜார்ல வாங்குற உருளைக்கிழங்கு எல்லாம் உங்க பொருளாதாரந்தான். பிள்ளைங்களைப் பாத்துக்குங்க. அப்படியே 2018-ல கஜகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் பேசுன அந்த ஒரே விசா திட்டம் என்ன ஆச்சுன்னும் பாருங்க. அந்த வருஷம் உஸ்பெக் ஈ-விசா வந்ததும் நான் மொத வேலையா வீட்டுக்கார அம்மா கூட அந்திஜான் போனேன். தங்கச்சி வீட்டுல கிர்கிஸ்தானோட உஸ்கென் அரிசியில பிளோவ், நம்ம பிரியாணி மாதிரி ஒண்ணு, போட்டாங்க. அரிசி அக்கா கொண்டு போனது, கேரட்டும் கறியும் தங்கச்சி வீட்டுது.

இப்படிக்கு,
ஓஷ்ல படிச்ச ஒரு தஞ்சாவூர் டாக்டர்

பின்குறிப்பு: அன்னிக்குத் திரும்பி வர்றப்ப எல்லையில மூணு மணி நேரம் நின்னோம், அந்தம்மாவுக்கு முட்டி வலி, ஒக்கார ஒரு பெஞ்ச் இல்ல. கூட்டத்துல பெரிய விஷயம் எல்லாம் பேசி முடிச்சு டைம் இருந்தா, அந்தப் பெஞ்சு விஷயத்தையும் கொஞ்சம் பேசிருங்க.